ஜரிகைக்காரரும் ஒன்பது மணி நேரப் படமும்

"பழைய பட்டுச்சேலை, வெள்ளி ஜரிகை வாங்கறது..." என்று தெருவில் குரல் கேட்டால் இன்றைக்கும் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடும். பாட்டி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்த அவளுடைய கல்யாணச் சேலையை அம்மா பீரோவிலிருந்து எடுத்துவந்து திண்ணையில் வைத்தாள். வந்தவர் முந்தானையைப் பிரித்து ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவினார். தீக்குச்சி கிழித்து அதன் நுனியைச் சுட்டு, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். கரி போய் உள்ளே பளிச்சென்று தெரிந்தது. "அசல் ஜரிகைதாம்மா" என்று சொல்லிவிட்டுத் தராசை எடுத்தார். சேலையை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். "எரிச்சிடுவோம் தம்பி. பட்டு சாம்பலாப் போயிடும், வெள்ளி மட்டும் நிக்கும்" என்றார். அவர் நல்ல மனிதர், விலையிலும் ஏமாற்றவில்லை. ஆனாலும் அந்தப் பதில் என்னை விட்டுப் போகவே இல்லை.

பல வருடங்கள் கழித்து 'கிரீட்' (பேராசை) படத்தைப் பற்றி வாசித்தபோது அதே பதில் திரும்பி வந்தது. எரிக் வான் ஸ்ட்ரோஹைம் எடுத்த ஊமைப்படம் அது. 1924 டிசம்பரில் நியூயார்க்கில் வெளியானது. தங்கத்தின் மேல் கொண்ட ஆசை மூன்று பேரை எப்படித் தின்று தீர்க்கிறது என்பதுதான் கதை. ஸ்ட்ரோஹைம் முதலில் தொகுத்த வடிவம் 42 சுருள், ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். 1924 ஜனவரியில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு மட்டும் அதைப் போட்டுக் காட்டினார். அவர்களுக்குப் பிறகு உலகத்தில் யாரும் அதைப் பார்த்ததில்லை. அவரே அதை 24 சுருளாகக் குறைத்தார். அவர் கேட்டுக்கொண்டதால் நண்பர் ரெக்ஸ் இங்கிராம் 18 சுருளுக்குக் கொண்டுவந்தார். இதற்குள் படத்தைத் தயாரித்த கோல்ட்வின் நிறுவனம் மெட்ரோ கோல்ட்வின் மேயரில் கலந்துவிட்டது. அங்கே தயாரிப்புப் பொறுப்பில் உட்கார்ந்திருந்தவர் இர்விங் தால்பெர்க். முன்பு வேறொரு ஸ்டூடியோவில் ஸ்ட்ரோஹைமைப் பாதிப் படத்தில் வெளியேற்றியவரும் இவர்தான். படம் ஸ்ட்ரோஹைம் கையிலிருந்து பறிபோய் 10 சுருளில் வந்து நின்றது. வெட்டியெடுத்த பகுதிகளை அதிலிருந்த வெள்ளிக்காக அழித்துவிட்டார்கள் என்று காலம்காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

கறுப்பு வெள்ளைப் படம் என்பது உண்மையில் வெள்ளிதான். ஃபிலிமின் மேல் பூசியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள்தான் நிழலாகவும் முகமாகவும் தெரிகின்றன. ஃபிலிமை எரித்துச் சாம்பலை அள்ளினால் வெள்ளி கிடைக்கும், சேலையை எரித்தால் கிடைப்பது போலவே. இது அங்கே மட்டும் நடந்த கதையும் இல்லை. நம் ஊமைப்படங்களும் தொடக்ககாலப் பேசும்படங்களும் வெள்ளிக்காக விற்கப்பட்டதைப் பற்றி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தை வளர்த்தெடுத்த பி.கே.நாயர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' ஒரு சுருள்கூட இல்லாமல் போய்விட்டது. 1931இல் வந்த 'காளிதாஸ்' படமும் இல்லை. அதனால் 'கிரீட்' பற்றிப் பேசும்போது எங்கோ இருக்கும் ஒரு படத்தைப் பற்றிப் பேசுவதாக எனக்குத் தோன்றுவதே இல்லை.

எலும்புக்கூடு

நான் அதை முதன்முதலில் ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில் பார்த்தேன். இருபது பேர் இருந்திருப்போம். இரண்டே கால் மணி நேர வடிவம், சுமாரான பிரதி. முடிந்து வெளியே வந்ததும் சங்கத்தின் மூத்தவர் ஒருவர், "இது படம் இல்ல, எலும்புக்கூடு. சதையெல்லாம் அவங்க தின்னுட்டாங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினோம், நானும் ஆட்டினேன். ஸ்ட்ரோஹைமே வயதான காலத்தில் பாரிஸில் இந்த வடிவத்தைப் பார்த்துவிட்டு, புதைத்த பிணத்தைத் தோண்டியெடுத்துப் பார்த்தது போல இருந்தது என்ற பொருளில் பேசியிருக்கிறார். பெற்றவரே அப்படிச் சொன்ன பிறகு நாம் மறுத்துப் பேச என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஆனால் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குள் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை. எலும்புக்கூடு என்றால் இப்படித் துரத்துமா? டிரினாவின் கைகளை என்னால் மறக்க முடியவில்லை. கதைச் சுருக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மெக்டீக் என்பவன் சுரங்கத்தில் வண்டி தள்ளிய முரட்டு ஆள். ஊர் ஊராகப் போன ஒரு பல் வைத்தியரிடம் தொழில் பழகி, சான் ஃபிரான்சிஸ்கோவில் கடை போடுகிறான். நண்பன் மார்கஸ் தன் மாமா மகள் மாதிரி நெருங்கிய உறவுக்காரப் பெண் டிரினாவைப் பல் பார்க்க அங்கே கூட்டிவருகிறான். அவளைக் கட்டிக்கொள்ளும் எண்ணத்தில் இருந்தவன், நண்பனுக்காக விட்டுக்கொடுக்கிறான். பல் பார்க்கக் காத்திருந்த நேரத்தில் டிரினா ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கியிருந்தாள். அதற்கு 5000 டாலர் விழுகிறது. அன்றிலிருந்து மார்கஸுக்கு வயிற்றெரிச்சல், டிரினாவுக்குக் கைப்பிடி இறுக்கம், மெக்டீக்குக்குக் குடி.

5000 டாலர் என்றால் நமக்குச் சட்டென்று ஒன்றும் தோன்றாது. பின்னால் அந்தப் பணம் முழுவதையும் அவள் தங்கக் காசாகவே வாங்கி வைத்துக்கொள்கிறாள். அந்தக் காலத்து 20 டாலர் தங்கக் காசு ஒன்று 33 கிராமுக்கு மேல். அப்படி 250 காசு என்றால் எட்டு கிலோவைத் தாண்டும். நம் கணக்கில் ஆயிரம் பவுனுக்கு மேல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், கடைசியில் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் பாலைவனத்தில் நடப்பதன் பாரம் எனக்கு உறைத்தது.

டிரினாவாக நடித்த ஸாஸு பிட்ஸ் நகைச்சுவை நடிகையாகப் பெயர் வாங்கியவர். மெலிந்த உடம்பு, பெரிய கண்கள், தலையை விடப் பெரிதாகச் சுருட்டி வைத்த கொண்டை. அவர் விரல்களுக்குத் தனியாக ஒரு உயிர் இருப்பது போல இருக்கும். உதட்டைத் தொடும், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், பணம் இருக்கும் பெட்டியின் மூடியைத் தடவும். நம் வீடுகளில் பெண்கள் சிறுவாடு சேர்ப்பார்கள். அஞ்சறைப்பெட்டியில் கொஞ்சம், அரிசிப் பானையில் கொஞ்சம். ஆஸ்பத்திரிச் செலவு, பிள்ளைக்கு ஃபீஸ் என்று ஒரு நெருக்கடி வந்தால் அது வெளியே வந்துவிடும். டிரினா சேர்ப்பதும் முதலில் அப்படித்தான் தெரிகிறது. அப்புறம் வேலை தேடப் போகும் புருஷனுக்கு டிராம் காசு கொடுக்க மறுக்கிறாள். அவன் மழையில் நனைந்துகொண்டே நடக்கிறான். அந்த இடத்தில்தான் இது சிறுவாடு இல்லை, வேறு ஏதோ என்று நமக்குத் தெரிகிறது. காசுகளைத் துடைத்துத் துடைத்து மினுக்குகிறாள். புருஷன் கடித்துக் கடித்துச் சீழ் பிடித்த விரல்களை வெட்டி எடுத்த பிறகும், மிச்சமிருக்கும் விரல்களால் துடைக்கிறாள். ஒரு இரவு காசுகளையெல்லாம் கட்டிலில் பரப்பி அவற்றின் மேலேயே படுத்துக்கொள்கிறாள். படம் வந்து நூறு வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அந்தக் காட்சியை நேருக்கு நேர் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது.

ஃபிராங்க் நோரிஸ் 1899இல் எழுதிய 'மெக்டீக்' நாவல்தான் இதற்கு மூலம். ஸ்ட்ரோஹைம் நாவலைச் சுருக்கவில்லை, வரிக்கு வரி எடுக்க நினைத்தார். சான் ஃபிரான்சிஸ்கோவில் நிஜ வீட்டை வாடகைக்குப் பிடித்து, நிஜ ஜன்னல்களின் வெளிச்சத்தில் எடுத்தார். அதனால் கிடைத்த ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். மெக்டீக்குக்கும் டிரினாவுக்கும் வீட்டுக்குள் கல்யாணம் நடக்கிறது. பாதிரியாருக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, கீழே தெருவில், ஒரு சவ ஊர்வலம் போகிறது. உள்ளே நடப்பதும் வெளியே நடப்பதும் ஒரே சட்டகத்தில், இரண்டுமே தெளிவாகத் தெரிகின்றன. அதைப் பார் என்று யாரும் நமக்குக் காட்டித் தருவதில்லை. ஒளிப்பதிவு செய்தவர்கள் வில்லியம் டேனியல்ஸும் பென் ரெனால்ட்ஸும்.

இல்லாத தங்கத் தட்டுகள்

ஒன்பது மணி நேரம் என்ற அந்த எண் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்காவது ஒரு பழைய கிட்டங்கியில், ஏதோ ஒரு நாட்டில், துருப்பிடித்த டப்பாவுக்குள் மிச்ச 32 சுருளும் கிடக்கும் என்று நம்பத் தொடங்கினேன். இன்னின்னார் பார்த்தார்களாம், இன்ன ஊரில் இருக்கிறதாம் என்று இந்தப் படத்தைச் சுற்றி வதந்திக்குக் குறைவே இல்லை. எல்லாவற்றையும் தேடித் தேடிப் படித்தேன். இரண்டே கால் மணி நேர வடிவத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. இல்லாததைத் தேடுகிறவனுக்கு இருப்பதைப் பார்க்க நேரம் இருப்பதில்லை.

1999இல் ரிக் ஷ்மிட்லின் என்பவர் ஒரு வேலை செய்தார். படப்பிடிப்புக்கு முன் ஸ்ட்ரோஹைம் எழுதிய திரைக்கதை பிழைத்திருந்தது. படப்பிடிப்பில் எடுத்த நூற்றுக்கணக்கான புகைப்படங்களும் பிழைத்திருந்தன. காணாமல் போன காட்சிகளின் இடத்தில் அந்தப் புகைப்படங்களை வைத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு வடிவம் அமைத்தார். அது என் கைக்கு வந்த அன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தேன். அதில்தான் முதன்முதலாக மரியாவையும் ஸெர்கோவையும் முழுசாகச் சந்தித்தேன்.

மரியா அந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் பெண். டிரினாவுக்கு லாட்டரிச் சீட்டு விற்றவளும் அவள்தான். ஸெர்கோ பழைய இரும்பு, தகரம் வாங்கும் குப்பைக் கடைக்காரர். சிறுவயதில் தன் வீட்டில் நூறு உருப்படிக்கு மேல் சுத்தத் தங்கத்தில் பாத்திரங்கள் இருந்தன என்று மரியா அவரிடம் ஒரு கதை சொல்வாள். தட்டு, குவளை, கிண்ணம் எல்லாமே தங்கம். மனநிலை சரியில்லாத பெண்ணின் கதை அது. ஸெர்கோவுக்கு அது போதும். மறுபடி சொல், இன்னொரு தடவை சொல் என்று தினம் கேட்பார். அந்தக் கதைக்காகவே அவளைக் கல்யாணமும் செய்துகொள்கிறார். ஒரு குழந்தை பிறந்து இறந்துபோகிறது. அதற்குப் பிறகு மரியாவுக்குக் கதை மறந்துவிடுகிறது. என்ன தங்கம், என்ன தட்டு என்று கேட்கிறாள். புதையலை ஒளித்துவைத்துக்கொண்டு நடிக்கிறாள் என்று நினைத்து ஸெர்கோ அவளைக் கொன்றுவிடுகிறார். பிறகு அவர் உடல் கடல் நீரில் கிடைக்கிறது. கூடவே ஒரு சாக்கு மூட்டை. அதற்குள் இருந்தவை வெறும் பழைய தகரப் பாத்திரங்கள்.

இந்தக் கதை முழுவதும் வெளியான படத்தில் இல்லை. அடிமண்ணோடு எடுத்துவிட்டார்கள். நாவலில் மெக்டீக்கும் டிரினாவும் நொடித்துப்போன பிறகு குடிபோவது அந்தக் கொலை நடந்த வீட்டுக்குத்தான். வெட்டிய படத்தில் அந்த வீடு வெறும் குடிசை. கொலை தெரிந்தவர்களுக்கு அந்தச் சுவர்களே வேறு மாதிரி தெரியும். இன்னொரு கதையும் இதேபோலப் போனது. அடுத்தடுத்த அறைகளில் குடியிருந்து, சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்துகொண்டே பேசாமல் நேசித்த இரண்டு முதியவர்களின் கதை. மூன்று ஜோடிகளில் நன்றாக வாழ்ந்த ஒரே ஜோடி அவர்கள்தான். அவர்களை எடுத்ததைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. படத்தில் ஈரமாக இருந்த பகுதி அது. அதை எடுத்துவிட்டு, பிறகு படம் வறட்சியாக இருக்கிறது என்றார்கள்.

ராத்திரி ஒரு மணி இருக்கும். திரையில் மரியா ஸெர்கோவுக்குக் கதை சொல்லும் புகைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அசையாத படம்தான். கேமரா மெதுவாக அதன் மேல் நகர்கிறது, அவ்வளவுதான். ஸெர்கோவாக நடித்த செஸாரே கிராவினா ஒல்லியாக, குனிந்து, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் ரிமோட்டை அழுத்திப் பின்னால் ஓட்டினேன். மறுபடி பார்த்தேன். மறுபடியும் ஓட்டினேன். அந்தப் புகைப்படத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஓடியிருக்க வேண்டிய படத்தை என் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் கவனித்தேன், நான் நாற்காலியின் நுனியில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஸெர்கோ எப்படி உட்கார்ந்திருந்தாரோ அப்படியே. என்னிடம் இருந்ததும் அதே கேள்விதான்: இன்னொரு தடவை சொல், தட்டு எத்தனை, கிண்ணம் எத்தனை.

டிவியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

உப்புத் தரையில் இரண்டு பேர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய இரண்டே கால் மணி நேர வடிவத்தை எடுத்தேன். இந்தத் தடவை எது இல்லை என்று தேடாமல் திரையில் இருப்பதை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்திருந்தேன். சொல்லப்போனால் நான் அந்தப் படத்தைப் பார்த்ததே அன்றைக்குத்தான்.

கடைசி இருபது நிமிடம் அவ்வளவும் சாகசப் படம். டிரினாவைக் கொன்றுவிட்டு, தங்கத்தையும் கூண்டில் ஒரு கேனரிக் குருவியையும் எடுத்துக்கொண்டு மெக்டீக் ஓடுகிறான். தேடிப் பிடிக்கக் கிளம்பும் கூட்டத்தோடு மார்கஸும் சேர்ந்துகொள்கிறான். மரணப் பள்ளத்தாக்கின் விளிம்பு வந்ததும் மற்றவர்கள் நின்றுவிடுகிறார்கள், மார்கஸ் மட்டும் உள்ளே இறங்குகிறான். நகரத்துக்குப் பக்கத்திலேயே மணல்மேடுகள் இருக்கின்றன, அங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று ஸ்டூடியோ சொல்லிப் பார்த்தது. ஸ்ட்ரோஹைம் கேட்கவில்லை. 1923 கோடையில், 120 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய வெயிலில், ஒட்டுமொத்தக் குழுவையும் மரணப் பள்ளத்தாக்குக்கே கூட்டிப்போனார். பலர் நோயில் விழுந்தார்கள். மார்கஸாக நடித்த ஜீன் ஹெர்ஷோல்ட் உடம்பு இளைத்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. மனிதர்களை இப்படி வதைத்து ஒரு படம் எடுக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வெடித்த உப்புத் தரையில் அந்த இரண்டு பேரும் நிற்கும்போது முகத்தில் தெரியும் வேர்வையும் கொப்புளமும் மேக்கப் இல்லை. அவர்கள் கண்ணைச் சுருக்குவது நடிப்பு இல்லை.

மார்கஸ் துப்பாக்கியோடு மெக்டீக்கைப் பிடித்துவிடுகிறான். முதல் கேள்வி தண்ணீரைப் பற்றி. மிச்சமிருக்கும் ஒரே தண்ணீர்க் குடுவை கோவேறு கழுதையின் முதுகில் இருக்கிறது, தங்கமும் அங்கேதான். கழுதை மிரண்டு ஓடுகிறது. மார்கஸ் சுடுகிறான். கழுதை விழுகிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் குண்டு குடுவையையும் துளைத்திருக்கிறது, தண்ணீர் உப்புத் தரைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேருக்கும் தெரியும், இனி உயிரோடு திரும்ப முடியாது. ஒரு நிமிடம் பழைய நண்பர்களைப் போல அமைதியாக நிற்கிறார்கள். அப்புறம் மெக்டீக் தங்க மூட்டையை எடுக்கப் போகிறான், மார்கஸ் அது என்னுடையது என்கிறான். சாகப் போகும் இரண்டு பேர் எட்டு கிலோ தங்கத்துக்காகக் கட்டிப் புரள்கிறார்கள். துப்பாக்கியின் பின்பக்கத்தால் மெக்டீக் மார்கஸை அடித்தே கொல்கிறான். எழுந்திருக்கப் பார்க்கிறான். கை இழுக்கிறது. சண்டையின் நடுவே மார்கஸ் அவன் கையைத் தன் கையோடு விலங்கு போட்டிருக்கிறான்.

அவன் கூண்டை எட்டி எடுத்து, குருவியை வெளியே எடுத்து, முத்தம் கொடுத்து மேலே விடுகிறான். அதனால் பறக்க முடியவில்லை. பிறகு கேமரா தூரமாகப் போகிறது. வெள்ளைத் தரையில் ஒரு புள்ளி மட்டும் தெரிகிறது.

முதல் தடவை நான் பார்த்த பிரதி முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஆனால் 1924இல் பார்த்தவர்களுக்குத் தங்கம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. காசு, பல் வைத்தியர் கடைக்கு மாட்டிய பெரிய தங்கப் பல், குருவி என்று தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும் சாயம் ஏற்றியிருந்தார்கள். சாம்பல் நிற உலகத்தில் அந்த ஒரு நிறம்தான் உயிரோடு இருப்பது போலத் தெரியும், குருவியும் காசும் ஒரே மஞ்சளில். இது வெட்டியவர்கள் கையில் சிக்காமல் தப்பிய விஷயம். எலும்புக்கூட்டில் இவ்வளவு ரத்தம் ஓடுமா? அந்த மூத்தவரிடம் இப்போது கேட்க முடிந்தால் கேட்பேன். ஸ்ட்ரோஹைம் அழுததற்கு அவருக்கு உரிமை இருந்தது, ஒன்பது மணி நேரத்தையும் அவர் பார்த்தவர். நான் பார்த்தது இதை மட்டும்தான். இதுவே நான் பார்த்த படங்களில் பெரியவற்றில் ஒன்று.

போன மாதம் அம்மாவோடு சேர்ந்து பார்த்தேன். இடையிடையே வரும் எழுத்துகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில் சொல்ல வேண்டாம், புரிகிறது என்றாள். டிரினா காசுகளைக் கட்டிலில் பரப்பிய காட்சி வந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் சுளிப்பாள், என்ன பொம்பளை இவள் என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"பாவம்டா. அவளுக்குன்னு ஒருத்தரும் இல்ல" என்றாள்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. மெக்டீக் பாலைவனத்துக்குள் நடக்கத் தொடங்கியிருந்தான். அம்மா அதைப் பார்க்கவில்லை. பாட்டியின் சேலையைத் திண்ணையில் பிரித்து வைத்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

"அந்தக் கட்டில் காட்சியை இன்னொரு தடவை போடேன்" என்றாள். "அவ கையைச் சரியாப் பாக்கல."

பின்னால் ஓட்டினேன்.